குழந்தைக்குப் பல் ஊசி: வலியைக் குறைக்க இரண்டு நிமிடம் ஒதுக்க முடியாதா?

பல் சிகிச்சைக்கு வரும் குழந்தை எதற்குப் பயப்படுகிறது என்று கேட்டால், பெரும்பாலான பெற்றோர் யோசிக்காமல் சொல்லும் பதில், ‘ஊசி’. சொத்தையைச் சுரண்டும்போதும் பல்லை எடுக்கும்போதும் வலி தெரியக் கூடாது என்பதற்காகப் போடுகிற ஊசி அது. சரியாகப் போட்டுவிட்டால், அதன் பிறகு நடப்பதில் அழுத்தமும் அசைவும்தான் குழந்தைக்குத் தெரியும், வலி தெரியாது. ஆனால், அந்த ஊசியைப் போடுகிற நேரத்தில்தான் அப்பா காலைப் பிடிக்கிறார், அம்மா கையைப் பிடிக்கிறார், உதவியாளர் தலையை அழுத்துகிறார். வலியை நீக்க வந்த மருந்தே அந்தக் குழந்தைக்கு அன்றைய நாளின் பெரிய வலியாகிவிடுகிறது.

இந்த வலியில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. லட்ச ரூபாய் இயந்திரமும் தேவையில்லை. மருத்துவர் கையில் சற்று நிதானமும், பெற்றோர் வாயில் கொஞ்சம் உண்மையும், குழந்தைக்காக ஒதுக்கப்படும் சில நிமிடங்களும் போதும். இவை கிடைக்காததற்குக் காரணம், குழந்தையின் வலியை நாம் இன்னும் முழு வலியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளாததுதான்.

‘சின்னப் பிள்ளைதானே, அழுதுட்டு மறந்துடும்’ என்பது நம் வீடுகளில் மட்டும் இருக்கும் எண்ணமல்ல. 1980-களின் நடுப்பகுதி வரை, பச்சிளம் குழந்தைகளுக்கு வலியை முழுமையாக உணரும் அளவுக்கு நரம்பு மண்டலம் வளர்ந்திருக்காது என்று மேலை நாடுகளின் பெரிய மருத்துவமனைகளிலேயே பலர் நம்பினார்கள். 1985-இல் அமெரிக்காவில் ஜெஃப்ரி லாசன் என்ற குறைமாதக் குழந்தைக்கு, அசையாமல் இருக்க மருந்து கொடுத்துவிட்டு, வலி நீக்கும் மருந்து எதுவும் இல்லாமல் இதய அறுவை சிகிச்சை செய்தார்கள். குழந்தை சில வாரங்களில் இறந்துபோனது. நடந்ததை அறிந்த தாய் ஜில் லாசன் அதை வெளியுலகுக்குக் கொண்டுவந்தார். அதே காலகட்டத்தில், இந்தியாவில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன கன்வல்ஜீத் ஆனந்த், போதுமான வலிநீக்க மருந்து கொடுத்து அறுவை சிகிச்சை செய்யப்பட்ட பச்சிளம் குழந்தைகள் மேலான நிலையில் தேறுவதை 1987-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வில் காட்டினார். அதன் பிறகுதான் மருத்துவ உலகின் நடைமுறை மாறத் தொடங்கியது. பல் சிகிச்சை நாற்காலிக்கு அந்த மாற்றம் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

குழந்தை மறந்துவிடும் என்பதும் தவறு. ஐந்து வயதில் பிடித்து அழுத்திப் போட்ட ஊசி, ஐம்பது வயதிலும் பல் மருத்துவமனை வாசலில் காலைப் பின்னுக்கு இழுக்கிறது. பல் சிகிச்சையைத் தள்ளிப்போடும் பெரியவர்களிடம் பேச்சுக்கொடுத்துப் பாருங்கள். பலரும் ஒரு சிறுவயதுச் சம்பவத்தில்தான் போய் நிற்பார்கள்.

தள்ளிப்போடுவதால் இன்னொரு கேடும் வருகிறது. சீழ் பிடித்து வீங்கிய இடத்தில் திசுக்களின் அமிலத்தன்மை கூடிவிடும். மரத்துப்போகச் செய்யும் மருந்து நரம்பின் சவ்வைக் கடந்து உள்ளே போக வேண்டுமானால், அதன் ஒரு பகுதி மின்னேற்றம் இல்லாத வடிவத்தில் இருக்க வேண்டும். அமிலச் சூழலில் அந்தப் பகுதி குறைந்துவிடுகிறது. அதனால் வீங்கிய முகத்தோடு வரும் குழந்தைக்கு ஊசி கூடுதலாக வலிக்கிறது. பலனோ குறைவாக இருக்கிறது. இரண்டாவது ஊசி போடவேண்டி வருகிறது. பயம் தாமதத்தையும், தாமதம் வலியையும், வலி மேலும் பயத்தையும் கொண்டுவருகிறது.

ஊசி ஏன் வலிக்கிறது?

நம் ஊர்ப் பல் மருத்துவமனைகளில் பெரும்பாலும் பயன்படுவது லிக்னோகைன். 1943-இல் சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கிய மருந்து இது. இரண்டு சதவீதக் கரைசலில், மருந்து சீக்கிரம் கரைந்துபோகாமல் இருக்க 80,000-இல் ஒரு பங்கு அட்ரினலின் சேர்த்திருப்பார்கள். அட்ரினலின் கெட்டுப்போகாமல் இருப்பதற்காகக் கரைசலை அமிலத்தன்மையோடு தயாரிக்கிறார்கள், அதன் பி.எச். அளவு 4-ஐ ஒட்டி இருக்கும். உடலின் திசுவிலோ அது 7.4. மருந்து உள்ளே இறங்கும்போது ஏற்படும் எரிச்சலுக்கு இது ஒரு காரணம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததை அப்படியே செலுத்தினால் வலி கூடுகிறது.

பலர் நினைப்பதுபோல ஊசி முனை குத்துவது மட்டுமே வலி அல்ல. மருந்து வேகமாகப் பாயும்போது திசு திடீரென விரிகிறது. அந்த விரிவுதான் பல நேரம் குத்தலைவிட அதிகமாக வலிக்கிறது. மேலண்ணத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அங்கே சதை எலும்போடு இறுக்கமாக ஒட்டியிருக்கும். மருந்து பரவ இடமே இருக்காது. அங்கே அவசரப்பட்டு அழுத்தினால் பெரியவர்களுக்கே கண்ணில் நீர் வந்துவிடும்.

காரணங்கள் இவை என்றால், மாற்று வழிகளும் இவற்றிலேயே இருக்கின்றன. ஊசிக்கு முன்னால் ஈறில் மரப்பு ஜெல் தடவுவது எல்லோருக்கும் தெரிந்த முறை. ஆனால், தடவுவது வேறு, பலன் கிடைக்கும்படி தடவுவது வேறு. ஈரமாக இருக்கும் ஈறில் தடவிய ஜெல் எச்சிலோடு கரைந்து நாக்குக்குப் போய்விடும். நாக்கு மரத்து, கசந்து, குழந்தை அதற்கே மிரளும். பஞ்சால் ஈறைத் துடைத்துக் காயவைத்து, ஊசி இறங்கும் இடத்தில் மட்டும் சிறிதளவு தடவி, குறைந்தது ஒரு நிமிடம், முடிந்தால் இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். தடவிய கையோடு ஊசி போட்டால் தடவாததற்குச் சமம். வாய்க்குள் ஸ்ப்ரே அடிப்பதைவிடப் பஞ்சில் எடுத்து வைப்பது குழந்தைகளுக்கு நல்லது. தொண்டை மரத்துவிட்டால் விழுங்க முடியவில்லையே என்று பதறிவிடுவார்கள். பென்சோகைன் கலந்த ஜெல்லை இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது. ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறனை அது அரிதாகக் குறைத்துவிடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-இல் எச்சரித்தது. பல் முளைக்கும் நேரத்து வலிக்கு மருந்துக்கடையில் தாங்களாகவே ஜெல் வாங்கித் தடவும் பெற்றோர் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது வேகம். ஒரு மில்லி லிட்டர் மருந்தைச் செலுத்த ஒரு நிமிடம் என்பது பாடப்புத்தகத்தில் உள்ள அளவு. எந்தப் பல் மருத்துவ மாணவரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். ஆனால், கூட்டம் நிரம்பிய மாலை வேளையில் அந்த ஒரு நிமிடம் பத்து நொடியாகச் சுருங்கிவிடுகிறது. முதலில் ஒன்றிரண்டு துளி மட்டும் விட்டு, அந்த இடம் மரக்கும்வரை நிறுத்தி, பிறகு மெதுவாக உள்ளே போனால், குழந்தை பல நேரம் ஊசி போட்டதையே உணராது. மருந்தைக் கையில் சற்று வைத்திருந்து அறை வெப்பநிலைக்கு, முடிந்தால் உடல் வெப்பநிலைக்குக் கொண்டுவருவதற்குச் செலவே இல்லை. சோடியம் பைகார்பனேட் சேர்த்து அமிலத்தன்மையைக் குறைக்கும் முறையும் உண்டு; அளவு தவறாமல், போடும் நேரத்தில் கலக்கத் தெரிந்தவர்கள் செய்ய வேண்டியது அது.

நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். இங்கே பல இடங்களில் 30 மி.லி. குப்பியிலிருந்து சாதாரண சிரிஞ்சில் மருந்தை எடுத்து, அதே ஊசியாலேயே வாயிலும் போடுகிறார்கள். குப்பியின் ரப்பர் மூடியைத் துளைத்து வந்த ஊசியின் முனை சற்றே மழுங்கியிருக்கும். மருந்து எடுக்க ஓர் ஊசி, போடுவதற்குப் புதிதாக ஒரு மெல்லிய ஊசி என்று மாற்றிக்கொள்ள ஆகும் செலவு சில ரூபாய்தான். இதற்குமேல் மலிவான வலிக் குறைப்பு வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கன்னத்தையோ உதட்டையோ மெல்ல ஆட்டிக்கொண்டே ஊசி போடும் மருத்துவர்களைப் பார்த்திருப்பீர்கள். அது பேச்சுக்குச் செய்யும் வித்தை அல்ல. தொடுதலையும் அழுத்தத்தையும் கொண்டுசெல்லும் தடித்த நரம்பிழைகள் வேலை செய்யும்போது, வலியைக் கொண்டுசெல்லும் மெல்லிய இழைகளின் செய்தி தண்டுவடத்திலேயே மட்டுப்படுகிறது என்று ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965-இல் விளக்கினார்கள். இடித்துக்கொண்ட முட்டியை அம்மா பரபரவென்று தேய்த்துவிடும்போது வலி குறைவதும் இதனால்தான். மேலண்ணத்தில் ஊசி இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் பஞ்சுக் குச்சியால் சில நொடி அழுத்திப் பிடிப்பதும் இதே கணக்கு. அதிர்வு தரும் கருவிகள் இந்தக் கொள்கையில்தான் விற்பனைக்கு வந்துள்ளன.

கருவிகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மருந்து இறங்கும் வேகத்தைக் கணினியே கட்டுப்படுத்தும் கருவி 1997 முதல் சந்தையில் இருக்கிறது. ஊசியே இல்லாமல் அழுத்தத்தால் மருந்தைப் பீய்ச்சும் கருவிகளும் உண்டு; அவற்றின் சத்தமும் தெறிப்பும் சில குழந்தைகளை ஊசியைவிட அதிகமாகத் திடுக்கிடச் செய்கின்றன. கண்ணில் மாட்டும் மெய்நிகர் திரையில் கார்ட்டூன் காட்டும் மருத்துவமனைகளும் வந்துவிட்டன. குழந்தைகள் பல் ஊசியை ஏற்றுக்கொள்ள உதவும் முறைகள் குறித்த ஆய்வுகளை ‘காக்ரேன்’ அமைப்பு 2020-இல் தொகுத்துப் பார்த்தபோது, இதுதான் சிறந்தது என்று எந்த ஒன்றையும் கைகாட்டும் அளவுக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்ற முடிவுக்கே வந்தது. கணினிக் கருவியின் பெரும்பலன் அது மெதுவாகச் செலுத்துவதில் இருக்கிறது. அந்த மெதுவை ஒரு நல்ல கையும் தரும். ஆகவே, ‘எங்களிடம் இந்த மெஷின் இருக்கு’ என்ற விளம்பரத்தைப் பார்த்து மருத்துவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். குழந்தையோடு பேசுகிறாரா, காத்திருக்கிறாரா என்று பாருங்கள்.

வீட்டில் தொடங்கும் பயம்

பல் மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே ஊசிப் பயத்தை நாம் ஊட்டிவிடுகிறோம். ‘சாப்பிடலைன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்’ என்று சொல்லாத வீடு எத்தனை? தண்டனையாக அறிமுகமான ஊசி, சிகிச்சையாக ஒருநாளும் மாறாது. அடுத்து, மருத்துவமனைக்குப் போகும் வழியில் சொல்லும் பொய்: ‘ஊசியெல்லாம் போட மாட்டாங்க, சும்மா பார்ப்பாங்க.’ நாற்காலியில் உட்கார்ந்த பிறகு ஊசியைப் பார்க்கும் குழந்தை, அந்த நிமிடத்தில் அம்மாவையும் மருத்துவரையும் சேர்த்தே நம்பாமல் போகிறது. அடுத்த முறை யார் என்ன சொன்னாலும் எடுபடாது.

தடுப்பூசி நேர வலியைக் குறைப்பது குறித்து உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட நிலைப்பாட்டிலும் இது இருக்கிறது: ‘கொஞ்சம்கூட வலிக்காது’ என்பது போன்ற உண்மையற்ற சொற்களைத் தவிர்க்க வேண்டும், நடுநிலையான சொற்களில் அமைதியாகப் பேச வேண்டும். ‘பயப்படாதே, வலிக்காது’ என்று திரும்பத் திரும்பச் சொன்னால், குழந்தையின் காதில் பயமும் வலியும் மட்டும்தான் விழும். ‘பல்லைத் தூங்க வைக்கப் போறாங்க. கொஞ்சம் அழுத்துற மாதிரி இருக்கும். அப்புறம் உதடு குண்டாயிட்ட மாதிரி தோணும். நான் பக்கத்துலயே இருக்கேன்’ என்று சொன்னால் போதும். இதில் பொய்யும் இல்லை, மிரட்டலும் இல்லை.

சொல்லிக் காட்டிச் செய்யும் முறையைக் குழந்தைகள் பல் மருத்துவத்துக்கு 1959-இல் ஆடல்ஸ்டன் வகுத்துக் கொடுத்தார். என்ன செய்யப் போகிறோம் என்று குழந்தைக்குப் புரியும்படி சொல்வது, விரலில் தொட்டுக் காட்டுவது, பிறகு சொன்னபடியே செய்வது. இதோடு சேர்க்க வேண்டியது ஒன்று உண்டு: ‘வலிச்சா இடது கையைத் தூக்கு, நிறுத்திடறேன்’ என்ற ஒப்பந்தம். கை தூக்கினால் நிறுத்திவிட வேண்டும். நிறுத்துவார் என்று தெரிந்த குழந்தை பெரும்பாலும் கையைத் தூக்குவதே இல்லை. சிரிஞ்சில் மருந்து எடுப்பதைக் குழந்தை உள்ளே வருவதற்கு முன்பே முடித்துவிடுவதும், கண்ணுக்கு நேரே நீட்டாமல் பக்கவாட்டில் கொண்டுவருவதும் எந்தச் சிறு கிளினிக்கிலும் செய்யக்கூடியவை.

அழும் குழந்தையின் வாயைக் கையால் பொத்தி அடக்குவது ஒரு காலத்தில் அமெரிக்கப் பாடத்திட்டத்திலேயே முறையாக இருந்தது. அந்நாட்டுக் குழந்தைகள் பல் மருத்துவ அகாதமி 2006-இல் அதைத் தன் வழிகாட்டுதலிலிருந்து நீக்கியது. அவசர நிலையில், குழந்தை திடீரென அசைந்து காயம்படாமல் இருக்க, மென்மையாகப் பிடித்துக்கொள்வதற்கு இடம் உண்டு. நேரமில்லை என்பதற்காக நான்கு பேர் சேர்ந்து அமுக்குவதற்கு இடமில்லை. அதில் மருத்துவ ஆபத்தும் இருக்கிறது. திமிறும் குழந்தைக்குப் போட்ட மருந்து சரியான இடத்தில் இறங்காது, மரக்காது, மறுபடியும் போட வேண்டியிருக்கும். குழந்தைகளுக்கு லிக்னோகைனின் உச்ச வரம்பு உடல் எடையில் கிலோவுக்கு 4.4 மில்லி கிராம் என்கிறது அதே அகாதமி. 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 66 மில்லி கிராம். அதாவது இரண்டு சதவீதக் கரைசலில் 3.3 மி.லி. மட்டுமே. 1.8 மி.லி. அடைக்கப்பட்ட இரண்டு குழல்களை முழுதாகச் செலுத்தினாலே அந்த வரம்பு தாண்டிவிடும். முதல் ஊசியை வலிக்காமல், சரியான இடத்தில் போடுவது பாதுகாப்பு சார்ந்த விஷயமும்கூட.

ஊசியே தேவைப்படாத வழிகள்

எல்லாச் சொத்தைக்கும் ஊசி வேண்டியதில்லை என்பதைப் பெற்றோர் பலர் அறிந்திருக்கவில்லை. பால் கடைவாய்ப் பல்லின் சொத்தையைச் சுரண்டாமலே, அதன் மேல் எஃகு மூடியைப் பொருத்தி அடைத்துவிடும் முறையை ஸ்காட்லாந்தின் நோர்னா ஹால் என்ற பல் மருத்துவர் ஆண்டுக்கணக்கில் கையாண்டுவந்தார். அவர் பெயரிலேயே அது இன்று பல நாடுகளில் நடைமுறையில் இருக்கிறது. 38 சதவீத சில்வர் டையமைன் ஃப்ளூரைடைச் சொத்தையில் தடவி அது பரவாமல் நிறுத்தலாம். தடவிய இடம் கறுத்துப்போகும் என்பதை முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். கைக்கருவியால் மட்டும் சுரண்டி, கிளாஸ் அயனோமர் சிமென்ட் வைத்து அடைக்கும் முறை 1980-களில் தான்சானியாவில் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இந்த இரண்டு பொருட்களையும் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்துவிட்டது. இவை எல்லாம் பலன் தருவது, சொத்தை பல்லின் உயிர்ச்சதையை எட்டாத வரைதான். முகம் வீங்கிய பிறகு வந்தால் இந்த வாய்ப்புகள் போய்விடும். முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுங்கள் என்று சொல்வதன் பொருள் இதுதான்.

ஊசி போட்ட பிறகு செய்ய வேண்டியது ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மரப்பு இரண்டு மூன்று மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் நீடிக்கும். அந்த நேரத்தில் உணர்ச்சியில்லாத உதட்டையும் கன்னத்தையும் குழந்தைகள் கடித்துக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள். மறுநாள் உதடு வீங்கி வெள்ளையாகப் படர்ந்திருப்பதைப் பார்த்து, ஊசியால் சீழ் பிடித்துவிட்டது என்று பெற்றோர் பதறுவது வழக்கம். மரப்பு தெளியும்வரை மென்று சாப்பிடும் எதையும் தராமல், பக்கத்தில் இருந்து கவனித்துக்கொண்டாலே இது நேராது.

இவ்வளவும் தெரிந்தும் ஏன் நடப்பதில்லை? நிதானத்துக்கு யாரும் பணம் தருவதில்லை. அடைத்த பல்லுக்குக் கட்டணம் உண்டு, எடுத்த பல்லுக்குக் கட்டணம் உண்டு; ஜெல் தடவிக் காத்திருந்த இரண்டு நிமிடத்துக்குக் கட்டணம் இல்லை. ‘வெறும் ஊசி போட இவ்வளவு நேரமா’ என்று வெளியே அலுத்துக்கொள்வதும் நாம்தான். அரசு மருத்துவமனைகளில் ஒரே பல் மருத்துவர் காலை முழுவதும் வரிசையைப் பார்த்து முடிக்க வேண்டியிருக்கும்போது, அவரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. குழந்தைகளுக்கென்று தனி நேரம் ஒதுக்குவதும், மரப்பு ஜெல்லும் மெல்லிய ஊசிகளும் எப்போதும் இருப்பில் இருக்கும்படி பார்த்துக்கொள்வதும் நிர்வாகத்தின் வேலை. பிறப்பு முதல் 18 வயது வரையிலான குழந்தைகளைப் பரிசோதிக்க 2013-இல் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் திட்டத்தில் பல் சொத்தையும் இடம்பெற்றிருக்கிறது. அங்கன்வாடியிலும் பள்ளியிலும் கண்டுபிடித்து அனுப்பும் குழந்தை, சிகிச்சை அறையில் அமுக்கப்பட்டுத் திரும்பினால், அடுத்த பரிசோதனையில் அது வாயைத் திறக்காது.

பல் மருத்துவக் கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஊசி எங்கே போட வேண்டும் என்று மாணவரிடம் தேர்வு வைக்கிறீர்கள். எவ்வளவு நேரம் எடுத்துப் போட்டார், குழந்தை முகப்படங்களில் எதைத் தொட்டுத் தன் வலியைக் காட்டியது என்பதற்கும் மதிப்பெண் கொடுங்கள். சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம் வரையிலான அந்த ஆறு படங்கள் 1980-களிலிருந்தே இருக்கின்றன. ஒரு தாளில் அச்சிட்டு ஒட்டிக்கொள்ளலாம். அளக்கப்படாத வலியைக் குறைக்க யாரும் முயல்வதில்லை.

பெற்றோருக்கு: அடுத்த முறை பிள்ளையைப் பல் மருத்துவரிடம் கூட்டிப்போகும்போது, தயங்காமல் கேளுங்கள். ‘டாக்டர், இதுக்கு ஊசி அவசியமா? அவசியம்னா, ஜெல் தடவி ரெண்டு நிமிஷம் பொறுத்து, மெதுவா போடுவீங்களா?’ நல்ல மருத்துவர் இந்தக் கேள்வியால் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் வேறு மருத்துவரைப் பாருங்கள்.